'கெட்' வினைச்சொல்: பின்னால் வருவதைப் பார்த்தால் பொருள் பிடிபடும்

சட்டை போடு, டீ போடு, கோலம் போடு, ஓட்டுப் போடு, சண்டை போடு. 'போடு' என்றால் என்ன என்று தனியாகக் கேட்டால் நாமே முழிப்போம். முன்னால் நிற்கும் சொல்தான் பொருளைச் சொல்லிவிடுகிறது. ஆங்கில 'கெட்' அதே ரகம். என்ன, அங்கே துப்பு பின்னால் வரும். ஆகவே அகராதியைத் திறந்து வைத்து மனப்பாடம் செய்ய உட்காராதீர்கள்.

வடிவம்: கெட், இறந்தகாலத்தில் காட். மூன்றாவது வடிவம் பிரிட்டனில் காட், அமெரிக்காவில் பெரும்பாலும் காட்டன். ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள், கலக்காதீர்கள்.

படி 1: பின்னால் பெயர்ச்சொல் வந்தால் 'கிடைத்தது' அல்லது 'வாங்கு'. 'ஐ காட் எ லெட்டர்' என்றால் கடிதம் வந்தது. 'கெட் மீ எ டீ' என்றால் ஒரு டீ வாங்கிட்டு வா.

படி 2: நிலையைச் சொல்லும் சொல் வந்தால் 'ஆகு'. 'காட் வெட்' நனைந்தது. 'கெட்டிங் லேட்' நேரமாகிறது. இங்கே ஒரு பொறி உண்டு. நமக்கு 'வண்டி ரிப்பேர்' என்றால் பழுது. ஆங்கிலத்தில் 'மை பைக் காட் ரிப்பேர்டு' என்றால் பழுது நீங்கிவிட்டது! தாமதத்துக்கு இதைக் காரணமாக எழுதினால் மேலாளர், வண்டிதான் சரியாகிவிட்டதே என்பார். எழுத வேண்டியது 'மை பைக் ப்ரோக் டவுன்'.

படி 3: இடம் வந்தால் 'போய்ச் சேர்'. நடுவில் 'டு' வேண்டும்: 'கெட் டு நெய்வேலி'. ஆனால் ஹோம், ஹியர், தேர் மூன்றுக்கும் 'டு' கிடையாது.

படி 4: ஏறுவதும் இறங்குவதும். நம் ஊரில் அதிகம் சறுக்குவது இங்கேதான். 'இறங்கு' என்பதை அப்படியே 'கெட் டவுன்' ஆக்கிவிடுகிறோம். நமக்குள் புரியும். ஆனால் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு வரும் வெளிநாட்டுக்காரருக்கு அது ஏணியிலிருந்தோ மரத்திலிருந்தோ இறங்குவது. உரக்கச் சொன்னால் 'குனி, தரையில் படு' என்றும் ஆகும்.

வண்டியைப் பார்த்து முடிவு செய்யுங்கள். உள்ளே எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், கப்பலுக்கும், கால் போட்டு ஏறும் சைக்கிள், பைக்குக்கும் 'கெட் ஆன்', 'கெட் ஆஃப்'. உள்ளே நுழைந்து உட்கார மட்டுமே முடிகிற கார், ஆட்டோவுக்கு 'கெட் இன்டு', 'கெட் அவுட் ஆஃப்'. பிச்சாவரத்துத் துடுப்புப் படகும் இந்தப் பக்கம்தான்.

ஆட்டோ ஓட்டுபவர்கள் கவனிக்க: சவாரியிடம் வெறுமனே 'கெட் அவுட்' என்றால் 'வெளியே போ' என்று விரட்டுவதாகும். 'யூ கேன் கெட் அவுட் ஹியர்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

படி 5: 'இட்' எங்கே உட்காரும்? 'கெட் இட் பேக்' (திரும்ப வாங்கு) என்பதில் நடுவில். 'கெட் ஓவர் இட்' (அதிலிருந்து மீண்டு வா) என்பதில் கடைசியில். இடம் மாறி 'கெட் இட் ஓவர் வித்' ஆனால், பிடிக்காத வேலையைச் சட்டென்று முடித்துத் தொலை. இவற்றை முழு வாக்கியமாகவே நோட்டில் எழுதுவது நல்லது. கூடவே 'கெட் பை' (சமாளி), 'கெட் அவே வித்' (தப்பு செய்தும் மாட்டாமல் தப்பித்துக்கொள்).

படி 6: வேறொருவர் செய்தால். சலூனுக்குப் போய்விட்டு வந்து 'ஐ கட் மை ஹேர்' என்றால், நீங்களே கத்தரியை எடுத்தீர்கள் என்று அர்த்தம். 'ஐ காட் மை ஹேர் கட்' என்பதுதான் 'முடி வெட்டிக்கிட்டேன்'.

பயிற்சி: ஆறு வாக்கியத்தையும் 'காட்' வைத்தே எழுதுங்கள்.

8 மணிக்குக் கடலூரில் பஸ் ஏறினேன். ரெட்டிச்சாவடி வருவதற்குள் களைத்துவிட்டேன். புதுச்சேரி போய்ச் சேர்ந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஆட்டோவில் ஏறினேன். கடற்கரையில் ஒரு தொப்பி வாங்கினேன்.

விடை, வரிசைப்படி: காட் ஆன், காட் டயர்ட், காட் டு, காட் ஆஃப், காட் இன்டு, காட் எ கேப். நான்காவதில் 'காட் டவுன்' என்று எழுதியிருந்தால் படி 4-ஐ இன்னொரு முறை படியுங்கள்.