டிசம்பரைக் கணக்கில் வைத்துச் சோலார் போடுங்கள்

நான் இருப்பது வடக்கே 60-வது அட்சரேகைக்குப் பக்கத்தில். மின்கம்பம் எட்டிப் பார்க்காத இடம். சோலார் போட நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை பேனல் வேண்டும்?" என்றுதான். டிசம்பரில் ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்று நான் திருப்பிக் கேட்பேன். ஜூனில் சுமார் 19 மணி நேரப் பகல், அப்போது எதைப் போட்டாலும் ஓடும். டிசம்பர் கடைசியில் பகல் 6 மணி நேரம் கூட இல்லை. நடுப்பகலிலேயே சூரியன் அடிவானத்துக்கு மேல் 7 டிகிரியைத் தொடாது.

அதனால் முதல் வேலை, செலவைக் குறைப்பது. அறையைச் சூடாக்குவதைச் சோலாரிடம் விடவே விடாதீர்கள், அது விறகடுப்பின் வேலை. குளிர்காலத்தில் ஃப்ரிட்ஜை அணைத்துவிட்டு, வடக்குச் சுவருக்கு வெளியே மூடிபோட்ட பெட்டி வைத்திருக்கிறேன். நான் லேட்டாகக் கண்டுபிடித்த திருடன் இன்வெர்ட்டர். ஒன்றுமே ஓடாதபோதும் 30 வாட் குடித்துக்கொண்டிருந்தது. 24 மணி நேரத்துக்குப் பெருக்கினால் 0.7 யூனிட்! விளக்கு, தண்ணீர் மோட்டார், போன் சார்ஜர் எல்லாவற்றையும் இன்வெர்ட்டர் வழியாக விடாமல், நேராக பேட்டரியின் டிசி லைனுக்கு மாற்றினேன். இப்போது இன்வெர்ட்டரைத் தேவைப்படும்போது மட்டும்தான் போடுகிறேன்.

பேனலைக் கூரையில் படுக்க வைக்காதீர்கள். தெற்குப் பார்த்த சுவரிலோ சட்டத்திலோ, ஏறக்குறைய செங்குத்தாக நிறுத்துங்கள். பனி தங்காது, தரையில் கிடக்கும் பனியிலிருந்து தெறிக்கும் வெளிச்சமும் வந்து சேரும். மரங்களையும் பாருங்கள். 7 டிகிரிக்கும் கீழே இருக்கும் சூரியனுக்கு 10 மீட்டர் மரத்தின் நிழல் 80 மீட்டரைத் தாண்டி விழும். கோடையில் இடம் பார்த்துவிட்டு வந்தால் இது தெரியவே தெரியாது.

அடுத்தது, என் பணத்தைத் தின்ற பாடம். குளிரக் குளிர பேனலின் வோல்டேஜ் ஏறும், டிகிரிக்குச் சுமார் 0.3 சதவீதம். 48 வோல்ட் பேனல் மூன்றைச் சீரீஸில் மாட்டினேன். 144 வோல்ட்தானே, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் சார்ஜைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர் 150 வோல்ட் தாங்கினால் போதும் என்று நினைத்தேன். ஆனால் அந்த 48 என்பது 25 டிகிரியில் எடுத்த கணக்கு. மைனஸ் 30-ல் அதே மூன்றும் 168 வோல்ட்டுக்கு வந்துவிடும். நல்ல வெயில் அடித்த ஒரு காலையில் கன்ட்ரோலர் செத்துப்போனது. உங்கள் ஊரின் மிகக் குளிர்ந்த காலையை வைத்துக் கணக்குப் போடுங்கள்.

பேட்டரிக்கு இதற்கு நேர்மாறு, குளிர் ஆகாது. லித்தியம் பேட்டரியை 0 டிகிரிக்குக் கீழே சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து செல் கெட்டுவிடும். வெளிக் கொட்டகை வேண்டாம், வீட்டுக்குள் வையுங்கள். குளிரில் தானாகவே சார்ஜை நிறுத்தும் பிஎம்எஸ் (பேட்டரியைக் கண்காணித்துக் காக்கும் சர்க்யூட்) இருக்கிறதா என்றும் பார்த்து வாங்குங்கள். லெட் ஆசிட் என்றால் காலியாக விடாதீர்கள். நிறைந்திருந்தால் கடுங்குளிரையும் தாங்கும், காலியானது உறைந்து வெடித்துவிடும். அதையும் வீட்டுக்குள் வைப்பதானால், சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியேற வழி விடுங்கள்.

இவ்வளவு செய்தாலும் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை ஜெனரேட்டர் இல்லாமல் ஆகாது. சிறியது போதும். தினமும் அரை மணி நேரம் உறுமவிடுவதைவிட, பேட்டரி நன்றாக இறங்கியபின் ஒரே மூச்சில் சில மணி நேரம் ஓட்டுவது டீசலுக்கு லாபம். லெட் ஆசிட் வைத்திருந்தால் அவ்வளவு இறங்க விடாமல் பாதியிலேயே ஓட்டிவிடுங்கள். புகை ஜன்னல் பக்கம் திரும்பாத இடமாக வெளியே வையுங்கள், வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். அப்புறம், எஞ்சினில் குளிருக்கான மெல்லிய ஆயிலை அக்டோபரிலேயே மாற்றிவிடுங்கள். மைனஸ் 25-ல், இருட்டில், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கயிற்றை நாற்பது தடவை இழுத்த தோள் எனக்கு ஒரு வாரம் வலித்தது.