முதல் பங்கு வாங்கும்போது கவனிக்க

பங்கு வாங்கும் முன், ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் வங்கியில் தனியாக இருக்கட்டும். கடன் வாங்கிப் பங்கு வாங்கவே வேண்டாம்.

புதியவர்கள் பலர் பணத்தை இழக்கும் இடம் ஆர்டர் போடும் திரை. அங்கே ‘மார்க்கெட்’ என்று அழுத்தினால், விற்பவர் கேட்கும் விலைக்கே வாங்கிவிடும். தினமும் அதிகம் கைமாறாத சிறு நிறுவனப் பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். 104 ரூபாய்க்கு 10, 107க்கு 20, 110க்கு 20 பங்குகள்தான் விற்பனைக்கு நிற்கின்றன. 50 பங்குக்கு மார்க்கெட் ஆர்டர் போட்டால் சராசரி விலை 107.60 ஆகிவிடும். ‘லிமிட்’ (இந்த விலைக்கு மேல் வேண்டாம்) தேர்ந்தெடுத்து 104 என்று போட்டால் 10 பங்கு கிடைக்கும், மீதி காத்திருக்கும். மாலை 3.30க்குள் நிறைவேறாத பகுதி தானாக ரத்தாகும், அதற்கான பணம் உங்கள் கணக்கிலேயே இருக்கும். சற்றுப் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

வாங்கிய பங்கு அடுத்த வேலை நாளில், பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் உங்கள் டீமேட் கணக்கில் சேரும். புரோக்கர் செயலியை மட்டும் நம்பாமல், டீமேட் கணக்குகளைப் பராமரிக்கும் அமைப்புகளான சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் அனுப்பும் மாத அறிக்கையிலும் எண்ணிக்கையைச் சரிபாருங்கள்.

ஓராண்டுக்குள் விற்றால் லாபத்துக்கு 20% வரி. அதற்குப் பிறகு விற்றால், ஆண்டுக்கு 1.25 லட்சத்தைத் தாண்டும் லாபத்துக்கு மட்டும் 12.5%.

பங்கின் வருங்கால விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களான ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் பக்கம் தயவுசெய்து போகாதீர்கள். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93% பேர் நஷ்டப்பட்டதாக, பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியின் ஆய்வே சொல்கிறது.