முள்ளை நம்பாதீர்கள்: முள்ளிலவா, இலவமா?

சாலையோரத்தில் சிவப்பாகப் பூப்பதையும் இலவு என்கிறோம், மெத்தைக்குப் பஞ்சு தருவதையும் இலவு என்கிறோம். இரண்டும் வேறு மரங்கள். சிவப்புப் பூக்காரி முள்ளிலவு, நம் மண்ணின் மரம். போடிநாயக்கனூர்ப் பக்கம் பஞ்சுக்காக வளர்ப்பது வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்த இலவம். குழம்புவதில் வெட்கமே வேண்டாம். 1753-ல், தாவரங்களுக்கு அறிவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ்கூட இரண்டையும் 'பாம்பாக்ஸ்' என்ற ஒரே பேரினத்தில்தான் சேர்த்திருந்தார்.

முதல் படி: அடிமரம்

எல்லோரும் முள்ளைத்தான் தேடுவார்கள். அங்கேதான் சறுக்கல். இளம் முள்ளிலவில் கூம்பு கூம்பாகத் தடித்த முள் இருக்கும். வயதானால் அடிமரத்தில் பெரும்பாலும் உதிர்ந்துவிடும். இலவத்திலும் முள் உண்டு, சில மரங்களில் அறவே இராது. அதனால் பட்டையின் நிறத்தையும் பாருங்கள். இளமரம் பச்சையாக இருந்தால் இலவமாக இருக்கலாம்.

இரண்டாம் படி: இலை

இதில் நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டுக்கும் விரித்த கை போன்ற கூட்டிலை. இலவத்தின் சிற்றிலை கொஞ்சம் ஒடுக்கம், அவ்வளவுதான்.

மூன்றாம் படி: பூ

தை, மாசியில் மரம் இலையுதிர்ந்து மொட்டையாக நிற்கும்போது போங்கள். கீழே விழுந்த பூ ஒன்றை எடுங்கள். உள்ளங்கை நிறையும் அளவில், சதைப்பற்றான சிவப்பு இதழ்களோடு, நடுவில் எண்ண முடியாத அளவு மகரந்தத் தாள்கள் இருந்தால் முள்ளிலவு. காலையில் மைனாவும் காகமும் தேனுக்கு மொய்ப்பது இதில்தான். பெண்ணின் இதழுக்கு இலவம்பூவை உவமை சொன்ன பழைய புலவர்கள் பார்த்ததும் இந்தச் சிவப்பைத்தான்.

இலவத்தின் பூ சின்னது, வெளிர் மஞ்சள் கலந்த வெள்ளை, வெளிப்புறம் பட்டுபோல் ரோமம். மகரந்தத் தாளை எண்ணுங்கள்: சரியாக ஐந்து. 'பென்டான்ட்ரா' என்ற அதன் அறிவியல் பெயருக்கே அதுதான் பொருள். இரவில் விரியும், வௌவால் வரும்.

நான்காம் படி: காய்

முள்ளிலவுக் காய் மரத்திலேயே வெடித்துப் பஞ்சு பறக்கும். தோப்பில் வளரும் இலவத்தின் காய் பெரும்பாலும் வெடிக்காமல் தொங்கும். பறித்து உடைத்துப் பஞ்செடுக்க அதுவே வசதி. கிளி காத்து ஏமாந்தது எந்த மரத்தில் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள்.

சரி, கன்று வாங்கும்போது பூவுக்கு எங்கே போவது? தாய்மரம் பூத்திருக்கும் படத்தைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை. ஒரு நர்சரியில் 'செவ்விலவு' என்று கொடுத்ததை வாசலோரம் நட்டேன். ஆறாம் வருடம் வெள்ளையாகப் பூத்தது. இப்போது ராத்திரியானால் வௌவால் கூட்டம்.