கடையில் மெத்தென்று இருந்த ஷூ, வொர்க்அவுட்டில் ஏன் படுத்துகிறது?

ஷூ வாங்க வருகிறவர்கள் கடையில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். கட்டைவிரலால் சோலை ஒரு அமுக்கு, அப்புறம் போட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே லேசாக எம்பி எம்பி ஒரு சோதனை, “ஆகா, மெத்துன்னு இருக்கு” என்று பில் போடச் சொல்லிவிடுகிறார்கள். நடப்பதற்கோ நின்று வேலை பார்ப்பதற்கோ வாங்கினால் இதில் பெரிய குற்றமில்லை. ஆனால் பர்பி (தண்டால் நிலைக்குப் போய் எழுந்து குதிப்பது), பாக்ஸ் ஜம்ப் (பெட்டி மேல் தாவி ஏறுவது), பக்கவாட்டு ஓட்டம், ஸ்கிப்பிங், நடுவில் கொஞ்சம் எடை தூக்கல் என்று மூச்சு வாங்க வைக்கும் பயிற்சிக்கு வாங்குகிறீர்கள் என்றால், மற்ற தவறுகள் பலவும் இந்த “மெத்து”விலிருந்துதான் ஆரம்பிக்கின்றன.

சும்மா நிற்கும்போது ஷூ மேல் இறங்குவது உங்கள் எடை மட்டும்தான், அதையும் இரண்டு கால்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஓடும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரே காலில் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை இறங்குகிறது, உயரத்திலிருந்து குதித்து இறங்கினால் அது இன்னும் கூடும். கடையில் பஞ்சாக இருந்த சோலின் ஃபோம் அந்தப் பாரத்தில் ஒரேயடியாக அமுங்கிவிடும். நேராக அமுங்கினாலாவது பரவாயில்லை, பக்கவாட்டில் குதித்து நிற்கும்போது வெளி ஓரம் மட்டும் அதிகமாக அமுங்கி ஷூ சாயும். கணுக்கால் பிசகுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். அதனால் அமுக்கிப் பார்த்து வாங்குவதை விட்டுவிட்டு, அசைந்து பார்த்து வாங்குங்கள். ஒற்றைக் காலில் நில்லுங்கள், ஒரு காலைப் பக்கவாட்டில் அகட்டி வைத்து முழங்காலை மடக்கி எழுந்திருங்கள், இரண்டு தாவு தாவுங்கள். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

அடுத்து, ரொம்பப் பேர் செய்வது: “ஸ்போர்ட்ஸ் ஷூ என்றால் ரன்னிங் ஷூ” என்று நினைத்துக்கொள்வது. ரன்னிங் ஷூ நல்ல ஷூதான், ஆனால் அது ஒரே ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டது, நேராக முன்னால் போவதற்கு. வழக்கமான ரன்னிங் ஷூக்கள் பலவற்றில் குதிகால் பகுதி முன்பாதத்தைவிட 8 முதல் 12 மி.மீ. வரை உயரமாக இருக்கும், மேல் துணி எடை குறைவாகவும் நெகிழ்ந்து கொடுக்கும்படியும் இருக்கும். இதைப் போட்டுக்கொண்டு இடமும் வலமும் மாறி மாறிக் குதித்தால், சோல் நின்ற இடத்தில் நிற்கும், உள்ளே கால் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓரத்துக்குப் போகும், அந்த மெல்லிய துணியால் அதைப் பிடித்து நிறுத்த முடியாது. எடை தூக்கும்போது வேறு சங்கடம். தடித்த குஷன் மேல் ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி, போடுவது மெத்தை மேல் நின்று போடுவது மாதிரி, காலை ஊன்றித் தள்ளும் பலத்தில் கொஞ்சத்தை ஃபோமே சாப்பிட்டுவிடும், ஆட்டமும் காணும்.

சோலுக்குள் கார்பன் தகடு வைத்த உயரமான பந்தய ஷூக்களின் மோகம் தனிக் கதை. 2017-இல் நைக்கியின் வேப்பர்ஃபிளை வந்தபிறகு எல்லா நிறுவனங்களும் அந்தப் பக்கம் ஓட, சோலின் தடிமன் எக்கச்சக்கமாக ஏறி, கடைசியில் உலகத் தடகள அமைப்பே 2020-இல் தலையிட்டு, சாலை ஓட்டத்துக்கு 40 மி.மீ.க்கு மேல் கூடாது என்று வரம்பு வைத்தது. மாரத்தானுக்கு அது பிரமாதமான சரக்கு. ஜிம் தரையில் அவ்வளவு உயரத்தில் ஏறி நின்றுகொண்டு பக்கவாட்டில் தாவுவது வம்பை விலைக்கு வாங்குவது.

எதிர்த் திசையிலும் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. எடை தூக்குவதற்கென்றே வரும் ஷூவில் குதிகால் 15 முதல் 20 மி.மீ. வரை ஏறியிருக்கும், கல் மாதிரி கெட்டியாகவும் இருக்கும். ஸ்குவாட்டுக்கு அருமை. அதை மாட்டிக்கொண்டு ஸ்கிப்பிங் ஆடினால் முழங்காலும் குதிகாலும் சும்மா இருக்காது. கலவையான பயிற்சி என்றால் டிரெய்னிங் ஷூ என்று வரும் வகைதான் சரி: குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் உயர வித்தியாசம் குறைவு, அடிப்பாகம் அகலம், பக்கங்களில் கெட்டியான பட்டை அல்லது ரப்பர். இதைப் போட்டுக்கொண்டு வார்ம்-அப்புக்கு ஒன்றிரண்டு கிலோமீட்டர் ஓடலாம். தினமும் அஞ்சாறு கிலோமீட்டர் ஓடுகிற ஆள் என்றால் ஓட்டத்துக்குத் தனியாக ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். ஒரே ஷூவில் எல்லாவற்றையும் முடிக்க நினைப்பது சிக்கனம் மாதிரி தெரியும், இரண்டுமே சீக்கிரம் கெடும், ஷூவும் காலும்.

கையில் எடுத்துப் பார்க்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். குதிகாலைச் சுற்றியுள்ள பின்பகுதியை இரண்டு விரலால் பக்கவாட்டில் அழுத்தினால் காகிதம் மாதிரி மடங்கக் கூடாது. முன்னும் பின்னும் பிடித்து ஈரத்துணியைப் பிழிவது போல முறுக்கினால் கொஞ்சம் எதிர்ப்புக் காட்ட வேண்டும். மூக்கையும் குதிகாலையும் பிடித்து வளைத்தால், விரல்கள் மடங்கும் இடத்தில், அதாவது முன்பாதத்தில்தான் வளைய வேண்டும். நட்ட நடுவில் மடங்குகிற ஷூவை அப்படியே அலமாரியில் திருப்பி வைத்துவிடலாம்.

சைஸ் விஷயத்துக்கு வருவோம், இதில்தான் எக்கச்சக்கமான கோளாறு. “என் சைஸ் எட்டு” என்று பத்து வருஷமாக ஒரே நம்பரைச் சொல்லிக்கொண்டிருப்போம். கால் அப்படியே இருப்பதில்லை. வயது கூடக் கூட, எடை ஏற ஏற, கர்ப்பத்துக்குப் பிறகு, பாதம் நீளலாம், அகலலாம். நிறுவனத்துக்கு நிறுவனம் அச்சு வேறு, ஒரே நிறுவனத்தின் இரண்டு மாடலிலேயே எட்டு எட்டாக இருக்காது. அளவு முறைகளும் ஒன்றுக்கொன்று நேராகப் பொருந்துவதில்லை: யூகே அளவில் அரை சைஸ் என்பது ஏறக்குறைய 4 மி.மீ., ஐரோப்பிய அளவில் ஒரு எண் கூடினால் ஏறக்குறைய 6.7 மி.மீ. அதனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது எப்போதும் கொஞ்சம் முன்னே பின்னே ஆகும். ஷூவின் நாக்குக்குள் ஒட்டியிருக்கும் லேபிளில் சென்டிமீட்டரிலும் ஒரு எண் போட்டிருப்பார்கள், பெரும்பாலும் அது எந்த நீளமுள்ள பாதத்துக்கான ஷூ என்பதைச் சொல்லும். வீட்டில் ஒரு காகிதத்தில் காலை ஊன்றி, குதிகாலிலிருந்து நீளமான விரல் நுனி வரை அளந்து, அந்த எண்ணோடு ஒப்பிடுங்கள். நீளமான விரல் எல்லோருக்கும் பெருவிரல் இல்லை, சிலருக்கு இரண்டாவது விரல். இரண்டு காலையும் அளக்க வேண்டும், ஏனென்றால் ரொம்பப் பேருக்கு ஒன்று மற்றதைவிடப் பெரியது, பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும்.

காலையில் எழுந்ததும் கடைக்குப் போகாதீர்கள். நாள் முழுக்க நின்று நடந்த பிறகு சாயங்காலம் பாதம் கொஞ்சம் வீங்கியிருக்கும், பயிற்சியின்போதும் வீங்கும், அந்தக் காலுக்குத்தான் ஷூ பொருந்த வேண்டும். பயிற்சிக்குப் போடும் அதே சாக்ஸோடு போங்கள். எழுந்து நின்றால் நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலத்துக்கு இடம் இருக்க வேண்டும். இந்த இடம் இல்லாவிட்டால், வேகமாக ஓடி சடாரென்று நிற்கும் ஒவ்வொரு முறையும் விரல் முன்னால் போய் முட்டும், நகத்தடியில் ரத்தம் கட்டி நகம் கறுத்துப்போகும்.

“அப்படியா, பெரிதாகவே வாங்கிவிடுகிறேன்” என்பதும் தப்புதான். குறிப்பாக அகலப் பாதக்காரர்கள் செய்வது இது: பக்கத்தில் இறுக்குகிறது என்று ஒரு சைஸ் ஏற்றி வாங்குவார்கள். அகலம் கொஞ்சம் கிடைக்கும், ஆனால் நீளம் எகிறிவிடும், ஷூ மடங்கும் இடமும் கால் மடங்கும் இடமும் வேறு வேறாகிவிடும், குதிகால் உள்ளே ஏறி இறங்கிக் கொப்புளம் போடும். அகல அளவு என்றே தனியாக இருக்கிறது. ஆண்களுக்கான வழக்கமான அகலம் டி (D), பெண்களுக்கு பி (B), ஆண்கள் ஷூவில் அகலமானவற்றை இரட்டை ஈ (2E), நாலு ஈ (4E) என்று குறிப்பார்கள். எல்லா மாடலிலும் கிடைக்காது, கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். சுலபமான ஒரு சோதனை உண்டு. உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன்மேல் ஏறி நில்லுங்கள். சுண்டுவிரலோ பாதத்தின் ஓரமோ இன்சோலைத் தாண்டி வழிந்தால், அந்த ஷூ உங்களுக்குக் குறுகலானது, முடிந்தது கதை.

“முதல்ல கடிக்கும், போகப் போகச் சரியாயிடும்” என்று விற்பவர் சொன்னால் நம்பாதீர்கள். தோல் ஷூவுக்கு அது ஓரளவு உண்மை, தோல் காலுக்கு ஏற்றபடி இளகும். இன்றைய டிரெய்னிங் ஷூவில் இருப்பது பின்னல் துணியும் பிளாஸ்டிக் படலமும். துணி ஒரு துளி விட்டுக்கொடுக்கலாம், மடிப்பில் உறுத்துகிற தையலும் சுண்டுவிரலை இடிக்கிற பட்டையும் அப்படியேதான் இருக்கும். கடையில் கடிக்கிற ஷூ ஜிம்மிலும் கடிக்கும், வேர்வையோடு சேர்ந்து இன்னும் பலமாக.

அப்புறம் இந்தப் பாத வகை ஜோசியம். ஈரக்காலைக் காகிதத்தில் பதித்து, தட்டைப் பாதமா வளைந்த பாதமா என்று பார்த்து, அதற்கென்று ஒரு ஷூ வாங்கினால் காயமே வராது என்று ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அமெரிக்காவில் ராணுவம், விமானப்படை, மரைன் படைகளில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் இதைச் சோதித்தே பார்த்தார்கள்: ஒரு பிரிவுக்குப் பாத வடிவத்துக்கு ஏற்ற ஷூ, இன்னொரு பிரிவுக்கு எல்லோருக்கும் ஒரே வகை. காயங்களில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் வரவில்லை. கால்கரி பல்கலைக்கழகத்தின் பென்னோ நிக், நம் உடம்பே தனக்குச் சொகுசான ஷூவைத் தேர்ந்தெடுக்கும்போது காயத்தின் ஆபத்தும் குறையலாம் என்ற கருத்தை 2015-இல் சக ஆய்வாளர்களோடு முன்வைத்தார். இங்கே சொகுசு என்றால் அசையும்போது தெரிகிற சொகுசு, நின்று அமுக்கினால் தெரிகிற மெத்து இல்லை. ஏற்கெனவே குதிகால் வலி, பாதத்தில் மரத்துப்போதல், சர்க்கரை நோய் இருப்பவர்களுக்கு இது பொருந்தாது, அவர்கள் மருத்துவரிடம் காட்டிவிட்டு வாங்குவதே நல்லது.

விளம்பரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போட்டு நடந்தாலே தொடை இறுகும் என்று சொல்லி ஒரு காலத்தில் ஷூ விற்றார்கள். அமெரிக்க வர்த்தக ஆணையம் ஆதாரம் எங்கே என்று கேட்டதும், 2011-இல் ரீபாக் 25 மில்லியன் டாலரும், 2012-இல் ஸ்கெச்சர்ஸ் 40 மில்லியன் டாலரும் தரச் சம்மதித்து விவகாரத்தை முடித்துக்கொண்டன. பெட்டியில் எழுதியிருப்பதைவிட உங்கள் கால் சொல்வது நம்பகமானது.

இனி உழைப்பு. விலை கூடினால் ரொம்ப நாள் வரும் என்பது இந்தச் சரக்கில் எடுபடாது. பந்தய ஷூக்கள்தான் விலையில் உச்சம், ஆயுளும் அவற்றுக்குத்தான் குறைவு. அடியைத் திருப்பிப் பாருங்கள். கெட்டியான கார்பன் ரப்பர் நிறைய இருந்தால் தேய நாளாகும். காற்றேற்றிய மென்மையான ரப்பர் எடை குறைவு, பிடிமானமும் நன்றாக இருக்கும், ஆனால் சீக்கிரம் கரையும். எடையைக் குறைப்பதற்காக ரப்பரே வைக்காமல் ஃபோமை அப்படியே தரையில் விட்ட மாடல்கள் சொரசொரப்பான தரையில் தாக்குப்பிடிக்காது. ரொம்பப் பேர் மறக்கிற இடம் ஷூவின் மூக்கு. பர்பி, மவுண்டன் கிளைம்பர் (தண்டால் நிலையில் முழங்காலை மாற்றி மாற்றி முன்னால் இழுப்பது), தண்டால் எல்லாவற்றிலும் மூக்குதான் தரையில் உரசுகிறது, அங்கே ரப்பர் மேலேறி மூடியிருக்கவில்லை என்றால் சோல் தேய்வதற்கு ரொம்ப முன்பே துணி ஓட்டையாகிவிடும். கயிறு ஏறுகிறவர்களுக்கு உள்பக்க நடுப்பாதத்திலும் ரப்பர் வேண்டும், கயிறு அறுப்பது அந்த இடத்தைத்தான்.

தள்ளுபடியில் பழைய ஸ்டாக் கிடைத்தால் கொஞ்சம் யோசியுங்கள். பாலியூரித்தேன் சோல் என்றால், பெட்டியிலேயே இருந்தாலும் காற்றின் ஈரத்தால் வருஷக்கணக்கில் உள்ளுக்குள் சிதைந்து, போட்ட முதல் நாளே பொடிப்பொடியாக உதிரலாம்.

வாங்கிய பிறகு நல்ல ஷூவைக் கெடுப்பது நம் கைதான். லேஸை அவிழ்க்காமல் ஒரு காலால் மற்றதன் குதிகாலை மிதித்துக் கழற்றினால், பிடித்து நிறுத்த வேண்டிய பின்பகுதி நொறுங்கிவிடும். மேலே கடைசியாக இருக்கும் கூடுதல் லேஸ் ஓட்டையை யாரும் சீண்டுவதேயில்லை. லேஸை அதே பக்கத்து ஓட்டைக்குள் விட்டு ஒரு சிறு வளையம் வைத்து, எதிர்ப்பக்க லேஸை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினால் குதிகால் எழும்பாது, பாதி கொப்புளங்கள் இதிலேயே நின்றுவிடும். மீதிக்குக் காரணம் பருத்தி சாக்ஸ்: வேர்வையைக் குடித்துவிட்டு ஈரமாகவே கிடந்து தோலை உரசும். வேர்வையை வெளியே விடும் செயற்கை இழை சாக்ஸ் இதைவிட மேல்.

வாஷிங் மெஷினில் போடுவதும், டிரையரில் சுற்றவிடுவதும், கொளுத்தும் வெயிலில் காயவைப்பதும் பசையை இளக்கும், ஃபோமை இறுக்கும். இன்சோலையும் லேஸையும் தனியாகக் கழற்றி, பிரஷ்ஷும் சாதாரணத் தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் போட்டுத் தேய்த்து, உள்ளே காகிதத்தைத் திணித்து நிழலில் வையுங்கள். ஜிம் பைக்குள்ளேயே மூடி வைக்கிற பழக்கம் நாற்றத்துக்கு மட்டுமில்லை, சோல் பிரிவதற்கும் வழி.

எப்போது தூக்கிப் போடுவது? ரன்னிங் ஷூவுக்கு 500 முதல் 800 கிலோமீட்டர் என்று ஒரு பொதுக்கணக்கு உண்டு. குதித்துக்கொண்டே இருக்கும் பயிற்சிக்குக் கிலோமீட்டர் கணக்கு உதவாது, அடிச்சோலில் வரிகள் அழியவில்லையே என்று காத்திருப்பதும் தப்பு, ஏனென்றால் ரப்பர் நன்றாகத் தெரியும்போதே உள்ளே ஃபோம் செத்துப்போயிருக்கும். சமமான மேஜையில் ஜோடியாக வைத்துப் பின்னாலிருந்து பாருங்கள். ஒன்று உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாய்ந்து நின்றால், அல்லது சோலின் பக்கவாட்டில் விரலால் அமுக்கினாலும் விரியாத ஆழமான சுருக்கங்கள் விழுந்திருந்தால், அல்லது பயிற்சியில் எதையும் மாற்றாமலே முழங்காலும் குதிகாலும் புதிதாக வலிக்க ஆரம்பித்தால், அதை நடைக்கு ஒதுக்கிவிட்டு அடுத்ததைத் தேடுங்கள்.