மொன்டானா மலைக்காட்டில் வசந்தகாலக் கருங்கரடி வேட்டை: முதல்முறை போகிறவர்கள் திட்டமிடுவது எப்படி?

அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், ராக்கி மலைத்தொடரில், பாப் மார்ஷல், கிரேட் பேர், ஸ்கேப்கோட் என்று மூன்று வனப்பகுதிகள் ஒட்டிக் கிடக்கின்றன. மொத்தம் சுமார் 15 லட்சம் ஏக்கர். 1964-ம் ஆண்டின் வைல்டர்னஸ் சட்டம் இங்கே பொருந்தும் என்பதால் உள்ளே சாலை இல்லை. வண்டி, சைக்கிள், மோட்டார் ரம்பம் எதற்கும் அனுமதி இல்லை. நடந்தோ குதிரையிலோதான் போக வேண்டும். ஏப்ரல் 15 அன்று கருங்கரடிப் பருவம் திறக்கும்போது உயரமான இடங்களில் பனி இன்னும் கனமாக இருக்கும்.

இந்த வேட்டையில் சுடுவது சில நொடி வேலை. எந்தக் கரடியைச் சுடக் கூடாது, எந்த ஓடையைத் தாண்டக் கூடாது, மாலை எத்தனை மணிக்குமேல் துப்பாக்கியை எடுக்கக் கூடாது என்பதையெல்லாம் வீட்டிலேயே முடிவுசெய்து எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கரடி கண்ணில் பட்டுவிட்டால் மனம் ‘சுடு’ என்ற பக்கமே சாயும். அதனால்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

படி 1: காகித வேலை

குளிர்காலத்திலேயே தொடங்குங்கள். 1985 ஜனவரி 1-க்குப் பிறகு பிறந்தவர்கள் வேட்டைப் பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அதோடு, கருங்கரடி உரிமம் வாங்குமுன் கரடி அடையாளத் தேர்வு ஒன்றை எழுதித் தேற வேண்டும். மாநில மீன், வனவிலங்கு, பூங்காத் துறையின் தளத்திலேயே அதை எழுதலாம்.

அந்த ஆண்டுக்கான விதிப் புத்தகத்தை முழுக்கப் படியுங்கள். பருவம் முடியும் தேதி பகுதிக்குப் பகுதி மாறும். சில பகுதிகளில் பெண் கரடிகளின் எண்ணிக்கை வரம்பைத் தொட்டதும் முன்கூட்டியே மூடிவிடுவார்கள். இரை வைத்து ஈர்ப்பது மொன்டானாவில் குற்றம். குட்டிகளையும், குட்டியோடு இருக்கும் தாயையும் சுடுவதும் குற்றம்.

எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருக்கும் நம்மவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டாட்சிச் சட்டம் தடை செய்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் இருந்தால் அதற்கு விலக்கு உண்டு. ஆகவே உரிமம் முதலில், துப்பாக்கி அப்புறம். நண்பருடையதை இரவல் வாங்கினாலும் இதே வரிசைதான். சந்தேகம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள்.

படி 2: தேதியைப் பனி தீர்மானிக்கட்டும்

குகையைவிட்டு முதலில் வெளியே வருவது பெரிய ஆண் கரடிகள். பிறகு தனிப் பெண்கள். குளிர்காலத்தில் ஈன்ற குட்டிகளோடு தாய்கள் கடைசியில் வரும். வெளியே வந்ததும் அவை தேடுவது இளம் புல், கோரை, டான்டிலியன், க்ளோவர் போன்ற பசுமை. குளிரில் செத்த எல்க் மானின் உடல் கிடைத்தால் அதையும் விடாது. தெற்கு பார்த்த சரிவுகளில் வெயில் நேராக விழுவதால் அங்கேதான் பனி முதலில் உருகிப் புல் முளைக்கும். பனிக்கோடு மேலே ஏற ஏற, பசுமையும் அதன் பின்னாலேயே கரடியும் மேலே ஏறும்.

ஏப்ரலில் போனால் பாதைகள் அடைபட்டிருக்கும், புல்லும் குறைவு. ஜூனில் ஆறுகள் கொந்தளிக்கும். கரடி மரத்தில் உரசி உரசித் தோலில் முடி உதிர்ந்திருக்கும். புதியவர்களுக்கு மே மாதத்தின் நடுப்பகுதியை நான் சொல்வேன். ஆண்டுக்கு ஆண்டு பனி மாறும் என்பதால், புறப்படும் வாரத்தில் சாலை நிலவரத்தை வனத்துறை அலுவலகத்தில் கேளுங்கள். உதாரணமாக, ஹங்கிரி ஹார்ஸ் ஊரிலிருந்து ஸ்பாட்டட் பேர் வனத்துறை நிலையம் வரை சுமார் 90 கி.மீ. நீர்த்தேக்கக் கரையோரச் சாலை, பெரும்பாலும் சரளை. அது திறக்கவில்லை என்றால் உங்கள் திட்டமும் திறக்காது.

படி 3: வரைபடத்தில் ஓடைகளைக் குறியுங்கள்

புதியவர்கள் அதிகம் தவறவிடும் இடம் இது. கரடியைத் தேடும் வழக்கமான முறை, ஒரு சரிவில் உட்கார்ந்து எதிர்ச் சரிவைப் பைனாகுலரில் பார்ப்பது. அப்படியானால் உங்களுக்கும் கரடிக்கும் நடுவில் ஒரு ஓடை இருக்கும். மே மாதத்தில் அந்த ஓடையில் பனி உருகிய நீர் ஓடும்.

பகல் வெயிலில் உருகும் நீர் மாலையிலும் இரவிலும் கீழே வந்து சேரும். விடியற்காலையில்தான் மட்டம் குறைவு. காலையில் முழங்காலளவு இருந்த ஓடை மாலையில் இடுப்பளவு ஆகலாம். கரடி வருவதோ பெரும்பாலும் மாலையில். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: சுட்டபிறகு இருட்டில், ஐஸ் நீரில், முதுகில் சுமையோடு தாண்ட வேண்டியிருக்கும்.

தப்பிக்க இரண்டு வழி. ஒன்று, ஓடைகூட இல்லாத வறண்ட மடிப்பு மட்டுமே நடுவில் இருக்கும் சரிவுகளைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு, கரடி மேயும் பக்கத்திலேயே முகாம் போட்டு, சரிவிலிருந்து வெளியே நீண்டு நிற்கும் ஒரு மலைமுனையிலிருந்து அதே பக்கத்து அடுத்த சரிவைப் பாருங்கள். வரைபடத்தில் ஒவ்வொரு பார்வை இடத்துக்கும் பக்கத்தில் ‘நடுவில் நீர் உண்டா?’ என்று எழுதுங்கள். உண்டு என்றால் அந்த இடத்தை அடித்துவிடுங்கள். தாண்டியே ஆகவேண்டிய இடத்தில் பையின் இடுப்புப் பட்டையைக் கழற்றிவிட்டு, கையில் கோலோடு, விடியலில் தாண்டுங்கள். வேகமான நீர் முழங்காலுக்கு மேல் போனால் திரும்பிவிடுங்கள்.

பனிச்சரிவு விழுந்து மரங்கள் அழிந்த தடங்களில் புல் செழிப்பாக வளரும். கரடிக்கு அது பிடித்த இடம். மேலே இன்னும் பனி தொங்கினால் வெயில் ஏறிய பகலில் அதற்குக் கீழே நடக்காதீர்கள்.

படி 4: சாமான்

துப்பாக்கியைவிடத் தொலைநோக்குக் கண்ணாடிக்கு அதிகம் செலவு செய்யுங்கள். 10x42 பைனாகுலர், அதைப் பொருத்த முக்காலி, தூரமானி. துப்பாக்கியின் தோட்டா வகை .270, .308, .30-06 எதுவானாலும் போதும். மழைக்கோட்டு, மாற்றுக் கம்பளிக் காலுறை, உறைநிலைக்குக் கீழேயும் தாங்கும் தூக்கப்பை. இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குல ஆரஞ்சு நிறத்துணி சட்டப்படி வேண்டும். கைபேசிச் சிக்னல் இருக்காது என்பதால் கார்மின் இன்ரீச் போன்ற செயற்கைக்கோள் கருவி அவசியம்.

கிரிஸ்லி என்ற பெரிய பழுப்புக் கரடிகளும் வாழும் காடு இது. கரடி விரட்டும் ஸ்ப்ரே பைக்குள் அல்ல, நெஞ்சிலோ இடுப்பிலோ இருக்கட்டும். உணவைத் தரையிலிருந்து 10 அடி உயரத்தில், மரத்திலிருந்து 4 அடி தள்ளித் தொங்கவிடுங்கள். மாலையில் உடம்பில் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். ராக்கி மலைப் புள்ளிக் காய்ச்சலை உண்ணிதான் பரப்புகிறது என்று 1906-ல் ஹோவர்ட் ரிக்கெட்ஸ் நிரூபித்தது இதே மாநிலத்தின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் செய்த ஆய்வில்தான்.

படி 5: எந்தக் கரடி என்று உறுதி செய்யுங்கள்

அலாஸ்காவைத் தவிர்த்த அமெரிக்காவில் கிரிஸ்லி 1975 முதல் கூட்டாட்சிப் பாதுகாப்பில் இருக்கிறது. நிறத்தை நம்பவே கூடாது. இங்கே கருங்கரடிகளே பழுப்பு, இலவங்கப்பட்டை நிறம், மங்கிய பொன்னிறம் என்று இருக்கும். அளவும் ஏமாற்றும். பார்க்க வேண்டியவை:

- தோள்: கிரிஸ்லிக்குத் தோளில் திமில், அதுவே உடம்பில் உயரமான இடம். கருங்கரடிக்கு அப்படித் திமில் இல்லை.
- முகம்: கிரிஸ்லிக்குக் கண்ணுக்கும் மூக்குக்கும் நடுவில் குழிவு. கருங்கரடிக்கு நேர்கோடு.
- காது: கிரிஸ்லிக்குச் சிறியது, உருண்டை. கருங்கரடிக்கு உயரமானது.
- முன்கால் நகம்: கிரிஸ்லிக்கு நீளமானது, தூரத்திலிருந்தும் தெரியலாம். கருங்கரடிக்குக் குட்டை, வளைவு.

ஒரே ஒரு அடையாளம் போதாது. தலை குனிந்து மேயும் கருங்கரடிக்கும் திமில் இருப்பதுபோலத் தோன்றும். பக்கவாட்டில் திரும்பும்வரை காத்திருங்கள். பிறகு குட்டி இருக்கிறதா என்று பாருங்கள். தாய் மேயும்போது குட்டிகள் மரத்தின் மேலோ புதருக்குள்ளோ இருக்கும். அரை மணி நேரமாவது பாருங்கள். அதற்குள் வெளிச்சம் போய்விட்டால் அந்தக் கரடி உங்களுக்கு இல்லை.

படி 6: சுடும் முடிவு

சட்டம் சூரியன் மறைந்து அரை மணி நேரம்வரை அனுமதிக்கிறது. மலைக்காட்டில் நான் அந்த நேரத்தைப் பயன்படுத்தச் சொல்ல மாட்டேன். கரடியின் நீண்ட முடியும் கொழுப்பும் ரத்தத்தை உறிஞ்சி அடைத்துவிடும். தரையில் தடமே விழாமல் போகலாம். பக்கவாட்டில் நிற்கும்போது, நுரையீரலை நோக்கி, பயிற்சியில் தவறாமல் அடித்த தூரத்துக்குள் மட்டும் சுடுங்கள். விழுந்த இடத்தை ஒரு தனி மரத்தையோ பாறையையோ வைத்து அடையாளம் கொள்ளுங்கள். எதிர்ச் சரிவுக்குப் போனபின் எல்லாப் புதரும் ஒரே மாதிரி தெரியும்.

படி 7: தோல், இறைச்சி, சமையல்

அடர்ந்த முடியும் கொழுப்பும் சூட்டை உள்ளேயே பிடித்து வைக்கும். உடனே தோலுரித்து, எலும்பு நீக்கி, காற்றோடும் துணிப்பைகளில் நிழலில் தொங்கவிடுங்கள், முகாமிலிருந்து நன்றாகத் தள்ளி. இறைச்சியை எடுக்கத் திரும்பி வரும்போது சத்தம் கொடுத்துக்கொண்டே வாருங்கள். கிரிஸ்லி அங்கே வந்திருக்கலாம். ஆணா பெண்ணா என்று காட்டும் உறுப்பை வெட்டி நீக்கிவிடக் கூடாது. கரடியைச் சுட்டதைத் துறைக்குத் தெரிவிப்பதும் கட்டாயம். அதற்கான கால வரம்பு விதிப் புத்தகத்தில் இருக்கும். தோலையோ மண்டையோட்டையோ நாடு தாண்டிக் கொண்டுபோக நினைத்தால், கருங்கரடி சைட்டீஸ் என்ற பன்னாட்டு வனவிலங்கு வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருப்பதால் தனி அனுமதி வேண்டும்.

கரடி இறைச்சியில் டிரிக்கினெல்லா என்ற புழு இருக்கலாம். காட்டு விலங்குகளில் இருக்கும் சில வகைகள் உறைய வைத்தாலும் சாகாது. 2022-ல் கனடாவின் சஸ்காச்சுவானில் வேட்டையாடிய கருங்கரடியின் இறைச்சியை 45 நாள் உறைய வைத்து, அமெரிக்காவில் ஒரு குடும்பக் கூடலில் கபாப் சுட்டார்கள். அது சரியாக வேகவில்லை. இறைச்சியே கருத்த நிறம் என்பதால் கண்ணுக்கும் தெரியவில்லை. ஆறு பேர் நோயுற்றார்கள். அவர்களில் இருவர் அந்த இறைச்சியோடு சேர்த்துச் சமைத்த காய்கறியை மட்டுமே சாப்பிட்டவர்கள். எனவே தெர்மாமீட்டர் வைத்து, நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொடும்வரை வேகவிடுங்கள். குழம்பாகக் கொதிக்க வைப்பது கபாபைவிட நம்பகமானது. நறுக்கிய பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், காய்கறிக்குத் தனிப் பலகை வையுங்கள்.