அரசு அலுவலகத்தில் மின்கட்டணத்தையும் ஜீப் ஓட்டத்தையும் குறைக்கும் வழி

எங்கள் மாவட்ட அலுவலகத்தில் இந்த வேலையைச் செய்து முடித்ததும், மற்றத் துறை நண்பர்கள் பலர் வழிமுறை கேட்டார்கள். அவர்களுக்காகவே இந்தப் பதிவு. ‘மின்சாரத்தைச் சேமிப்பீர்’ என்று சுவரில் அட்டை ஒட்டச் சொல்லமாட்டேன். அதனால் ஒரு யூனிட் குறைந்தும் நான் பார்த்ததில்லை.

படி 1: ஓராண்டு மின்ரசீதுகளையும் வாகன லாக் புத்தகங்களையும் எடுத்து எக்செல் தாளில் ஏற்றுங்கள். அது போதும். செயலி, ஜிபிஎஸ் கருவி விற்க வருபவர்களை இப்போதைக்குத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

படி 2: மாலையில் அலுவலகத்தைப் பூட்டும்போதும் மறுநாள் காலையில் திறக்கும்போதும் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். இடைப்பட்ட யூனிட் முழுவதும் ஆளில்லாத கட்டடத்தில் செலவானது. அணைக்காத கணினி, குடிநீர்க் குளிர்விப்பான், வராந்தா விளக்கு என்று தேடிப் பிடியுங்கள். இதற்குச் செலவே இல்லை.

படி 3: என் முதல் வாக்கு மின்விசிறிக்குத்தான். பழைய விசிறி 75 வாட் இழுக்கும். நல்ல பிஎல்டிசி விசிறிக்கு (மின்சாரம் குறைவாக இழுக்கும் புதுவகை மோட்டார் கொண்டது) 28 வாட் போதும். ஆண்டுக்கு 2,000 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறியில் 94 யூனிட் மிச்சம். கொள்முதல் குறிப்பில் வெறுமனே ‘மின்விசிறி’ என்று எழுதினால் மலிவான பழைய ரகமே வந்து இறங்கும். 2023 முதல் விசிறிகளுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயமாகிவிட்டதால், ‘ஐந்து நட்சத்திரம்’ என்று தெளிவாக எழுதுங்கள். ஏசி 24 டிகிரிக்குக் கீழே போகவேண்டாம். ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மிச்சமாகும்.

படி 4: பலர் தடுக்கி நிற்பது இங்கேதான். யூனிட் குறைந்திருக்கும், கட்டணமோ அந்த அளவுக்குக் குறைந்திருக்காது. பெரிய கட்டடங்களுக்கான உயர் அழுத்த இணைப்பில் யூனிட்டுக்கு ஒரு கட்டணம், கேட்புக்கு (ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சுமைக்கு) ஒரு கட்டணம் என இரண்டு உண்டு. மீட்டரில் பதிவான உச்சக் கேட்பு, மின்வாரியத்துடன் செய்த ஒப்பந்த அளவில் 90 விழுக்காடு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதற்குப் பணம் கட்டவேண்டும். 100 கேவிஏ (கேட்பை அளக்கும் அலகு) ஒப்பந்தம் இருந்து, உச்சம் 60-ஐத் தாண்டாவிட்டாலும் 90-க்குக் கட்டுகிறீர்கள். கோடை மாதங்களின் உச்சத்தையும் பார்த்த பிறகே ஒப்பந்த அளவைக் குறைக்க மின்வாரியத்துக்கு எழுதுங்கள். அவசரப்பட்டு அதிகம் குறைத்தால், மே மாதத்தில் வரம்பு மீறிக் கூடுதல் கட்டணம் விழும்.

படி 5: வாகனம். லாக் புத்தகத்தில் காரணம் என்ற இடத்தில் ‘அலுவல் பணி’ என்று மட்டும் எழுதியிருந்தால் ஒன்றும் விளங்காது. ஊர், வேலை, உடன் சென்றவர் மூன்றையும் எழுத வையுங்கள். தாளில் ஊர்வாரியாக அடுக்கியதும், ஒரே வாரத்தில் ஒரே வட்டத்துக்கு இரண்டு ஜீப் போனது தானாகத் தெரியும்.

பெரிய மிச்சம் கூட்டங்களில் இருக்கிறது. திங்கள்தோறும் மக்கள் குறைதீர்க்கும் நாளுக்காக ஆட்சியரகம் வரும் அலுவலரை, புதன்கிழமை ஆய்வுக் கூட்டத்துக்கு மறுபடியும் ஏன் வரவழைக்கவேண்டும்? ஆய்வைத் திங்கள் பிற்பகலுக்கு மாற்றுங்கள். போகவர 60 கிலோமீட்டர், லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்றால் ஒரு ஜீப்புக்கு 5 லிட்டர் டீசல். ஆறு ஜீப் நின்றால் 30 லிட்டர் மிச்சம். சுமார் 80 கிலோ கரியமில வாயுவும் குறையும். புள்ளிவிவரம் மட்டும் கேட்கும் கூட்டங்களுக்குக் காணொலிக் காட்சியே போதும். கள ஆய்வுப் பயணத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். அது மக்களுக்குரிய வேலை.

பின்சேர்க்கை: அரசுக் கட்டடத்தில் யாரிடம் ஒப்புதல் வாங்குவது, வாடகைக் கட்டடத்தில் என்ன செய்வது என்று கருத்துரையில் இருவர் கேட்டிருந்தார்கள். அரசுக் கட்டடமானால் விசிறி, விளக்கு மாற்றும் முன் பொதுப்பணித்துறை மின்பிரிவிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். இல்லாவிட்டால் பின்னாளில் பராமரிப்பில் சிக்கல் வரும். வாடகைக் கட்டடத்தில், உரிமையாளரின் இணைப்பில் உங்கள் அலுவலகத்துக்கென்று தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் படி 2-ஐத் தொடங்கும் முன் துணை மீட்டர் பொருத்தச் சொல்லுங்கள்.