குற்றத் தொடர் எழுதுவோர் காவல் துறை விவரங்களைச் சரிபார்க்கும் முறை

குற்றத் தொடருக்குக் கதை எழுத அமர்பவர், கொலை எந்த ஊரில், எந்த நாளில் நடந்தது என்பதை முதலில் முடிவுசெய்துகொள்ள வேண்டும். அதிகாரிகளின் பதவியும் வழக்கின் சட்டப் பிரிவும் அவ்விரண்டையும் பொறுத்தே அமைகின்றன. சென்னை, மதுரை, கோவை மாநகரங்களில் ஆணையர் தலைமையிலான காவல் ஆணையரகம் இருப்பதால், மாவட்டங்களில் டி.எஸ்.பி.யும் எஸ்.பி.யும் வகிக்கும் நிலையில் அங்கே உதவி ஆணையரும் துணை ஆணையரும் இருப்பார்கள். மயிலாப்பூர்க் கொலைக்கு 'மாவட்ட எஸ்.பி.'யை வரவழைக்கக் கூடாது. கொலை 2024 ஜூலை 1க்கு முன் நடந்திருந்தால் இந்திய தண்டனைச் சட்டத்தின் 302ஆம் பிரிவையும், அந்த நாளிலோ அதற்குப் பின்னரோ நடந்திருந்தால் அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 103ஆம் பிரிவையும் வசனத்தில் சொல்ல வேண்டும்.

சீருடையில் நட்சத்திரங்களை மட்டும் எண்ணினால் போதாது. ஆய்வாளருக்கும் டி.எஸ்.பி.க்கும் மூன்று நட்சத்திரங்களே. ஆய்வாளரின் தோளில் கூடுதலாகச் சிவப்பு-நீலப் பட்டை இருக்கும். ராணுவத்தில் கேப்டனுக்கும் மூன்று நட்சத்திரங்கள் உண்டு. மத்திய ரிசர்வ் காவல் படையான சி.ஆர்.பி.எஃப். ராணுவத்தைச் சேராமல் உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்குவதால், அதன் கமாண்டன்ட்டைக் 'கர்னல்' என்று அழைப்பது தவறு. தொப்பி அணியாதவர் கை உயர்த்தி சல்யூட் அடிப்பதில்லை, விறைப்பாக நிற்பார்.

இவற்றைவிடப் பெரிய பிழை, காவல் நிலையத்தில் குற்றவாளி அழுது ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடுவதாகக் காட்டுவது. காவல் அதிகாரியிடம் அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிராக நீதிமன்றத்தில் நிரூபிக்க முடியாது. பழைய சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவும் இன்றைய பாரதிய சாட்சிய அதினியத்தின் 23ஆம் பிரிவும் அதையே சொல்கின்றன. காவலில் இருக்கும்போது அவர் சொன்னதைக் கொண்டு கத்தி கண்டெடுக்கப்பட்டால், அந்தக் கண்டுபிடிப்போடு நேரடியாகத் தொடர்புடைய பகுதி மட்டும் சாட்சியமாகும். ஆகவே உச்சக்கட்டத்தை விசாரணை அறையில் வைக்காமல், கிராம நிர்வாக அலுவலர் சாட்சியாக நிற்க, மகஜர் (கைப்பற்றியதைச் சாட்சிகள் முன் பதியும் ஆவணம்) எழுதி ஆயுதத்தைக் கைப்பற்றும் இடத்தில் வைப்பதே பொருத்தம். பிறழ் சாட்சியம் சொல்லக்கூடிய, அதாவது முன்பு சொன்னதை நீதிமன்றத்தில் மாற்றிச் சொல்லக்கூடிய ஒருவரை அங்கே நிறுத்தினால் நீதிமன்றக் காட்சிக்கும் கதை கிடைக்கும்.

கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் நடுவர் (மாஜிஸ்திரேட்) முன் நிறுத்தியாக வேண்டும் என்பதால் கைது நேரத்தைத் திரைக்கதையிலேயே குறித்துக்கொள்ளுங்கள். கைதாகிறவர் பெண்ணாக இருந்தால், சூரியன் மறைந்த பின் விதிவிலக்கான சூழலில் மட்டும், நடுவரின் முன் அனுமதியோடு, பெண் அதிகாரியே கைது செய்யலாம்.